படகு ஸ்டிக்கர் பட்டை முன்பக்க வளைவில் தூக்கிக்கொள்வது

வணக்கம். ஃபைபர் படகில் ஒட்டிய வினைல் பட்டை, ஒரே வாரத்தில் முன்பக்க வளைவில் தூக்கிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். பசை மேல் பழி போடாதீர்கள். வளைவில் படியவைக்க இழுத்து ஒட்டியிருப்பீர்கள். இழுபட்ட வினைல் வெயில் பட்டதும் பழைய நீளத்துக்குச் சுருங்கும், முனைதான் முதலில் கிளம்பும்.

கிளம்பியதைத் திரும்ப அழுத்தாதீர்கள், அது நிற்காது. ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். (பெயின்ட் அடித்த படகென்றால் அசிட்டோன் வேண்டாம், பெயின்ட் கரையும்.) தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டால் படகுக்குப் போட்ட பாலிஷ் மெழுகு இன்னும் இருக்கிறது, மெழுகு நீக்கும் திரவத்தால் எடுத்துவிட்டு மறுபடி ஆல்கஹாலால் துடையுங்கள்.

புதுப் பட்டையைக் காலை நிழலில் ஒட்டுங்கள். பட்டை வரும் கோட்டுக்கு முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு சீராக இருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று கண்ணால் பாருங்கள். அளவுகோலை விடக் கண் நம்பகமானது. பின்தாளை ஒரு சாண் ஒரு சாணாக உரித்து, இழுக்காமல் படியவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். இணைப்பில் முன்துண்டு பின்துண்டின் மேல் அரை அங்குலம் ஏறட்டும். மாற்றி வைத்தால் தண்ணீர் விளிம்புக்குள் புகுந்து கிளப்பும். முனைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

மணலில் உரசும் அடிப்பகுதிக்கு மட்டும் ஸ்டிக்கர் வேண்டாம், பெயின்ட்தான்.