ஐயாயிரம் ரூபாய்க்குள் ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப்பும் மவுண்டும்: எதைப் பார்த்து வாங்குவது?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், மொட்டை மாடி, 10 மீட்டரில் மணல் மூட்டைமேல் அட்டை இலக்கு, கையில் ஐயாயிரம். (ஜவ்வாது மலையில் வேட்டை என்ற நினைப்பிருந்தால் விட்டுவிடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது.)

முதலில் மவுண்ட், அதாவது ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் கவ்வி. எல்லாரும் காசை ஸ்கோப்பில் கொட்டிவிட்டு இதில்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் இழுக்கும். என் முதல் மவுண்ட் ஐம்பது குண்டுக்குள் ஒரு நகக்கண் அளவு பின்னே நகர்ந்து, ரெயிலில் (துப்பாக்கியின் மேல் மவுண்ட் மாட்டும் தடத்தில்) வெள்ளையாகக் கீறல் போட்டிருந்தது. நானோ அதுவரை என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்! ரெயில் பெரும்பாலும் 11 மி.மீ. அகல டவ்டெயிலாக (ஓரங்கள் உள்ளே சரிந்த தடமாக) இருக்கும். அதற்கேற்ற ஒற்றைத் துண்டு மவுண்ட், அடியில் ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் முளை) உள்ளதாக வாங்குங்கள். அந்த முளை உட்காரக் குழி இருக்கிறதா என்று ரெயிலையும் பாருங்கள்.

அப்புறம் ஸ்கோப். 4x32 (நான்கு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 32 மி.மீ.) போதும், ஆனால் ஸ்பிரிங் உதையைத் தாங்கும் ஏர்கன் ஸ்கோப்பாக இருக்கட்டும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 கெஜத்தில் தெளிவாகத் தெரியும்படி சரிசெய்யப்பட்டிருக்கும். 10 மீட்டரில் மங்கும். 100 கெஜத்தில் குண்டு படும் இடத்தைக் கால் அங்குலம் நகர்த்தும் கிளிக் (ஸ்கோப் திருகின் ஒரு படி) இங்கே ஒரு மி.மீ.கூட நகர்த்தாது, அதனால் பதினைந்து கிளிக் திருப்பவும் தயங்காதீர்கள்.