எஃப்.சி.யில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரை வைத்துக்கொள்வதா விடுவதா?

கேள்வி: என் 2010 மாடல் சான்ட்ரோவுக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனேன். பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, முன் டயர் இரண்டும் வழுக்கை, ஹெட்லைட் மங்கல், ரன்னிங் போர்டுக்கு (கதவுக்குக் கீழே ஓடும் தகடு) அடியில் துரு என்று பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். புரோக்கர் ஒருவர், "நல்ல டயரை ஒருநாள் வாடகைக்கு மாட்டிக் காட்டிவிடலாம்" என்கிறார். மெக்கானிக், "இன்ஜின் நல்லா இருக்கு, இன்னும் பல வருஷம் ஓடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
*- வாசகர், காரைக்குடி*

பதில்: புரோக்கர் பேச்சு வேண்டவே வேண்டாம். வாடகை டயரைச் சாயங்காலமே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் மழை பெய்கிற ராத்திரியில் திருச்சி ரோட்டில் அந்த வழுக்கை டயரோடு போகப்போவது உங்கள் குடும்பம்தான். மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இன்ஜின் நின்றால் ஓரங்கட்டிவிட்டு யாருக்காவது போன் பண்ணலாம், பிரேக் கைவிட்டால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. இன்ஸ்பெக்டர் சொன்ன நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

முதலில் துரு, ஏனென்றால் காரை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை அதுதான் முடிவு செய்யும். லிஃப்டில் ஏற்றி, துருப்பிடித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பொருக்கு மட்டும் உதிர்ந்து அடியில் கெட்டியான தகடு தட்டுப்பட்டால் கவலை இல்லை, சுரண்டி பிரைமர் அடித்து பெயின்ட் அடித்தால் போதும். முனை உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு வைக்க வேண்டும். டிங்கர் பட்டி பூசி மறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பட்டிக்கு வலு கிடையாது. துரு சீட் பெல்ட் மாட்டும் இடத்திலோ சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலோ ஏறியிருந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காரை விட்டுவிடுவதுதான் நல்லது.

துரு அந்த அளவுக்கு இல்லையா, சரி, அடுத்தது பிரேக். ஒரு பக்கம் இழுப்பதற்குப் பெரும்பாலும் முன்பக்கம்தான் காரணம்: பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரின் பின் (ஊசி) இறுகிப்போயிருக்கும், இல்லையென்றால் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும். பின்பக்கத்தையும் விடாதீர்கள். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் மூடியை நீங்களே விரலால் நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். அது லைனரில் பட்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது. எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் மாற்றி, பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள், பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

டயர் வாங்கும் முன் பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்க்காமல் புது டயர் போடாதீர்கள், அதையும் அப்படியே தின்றுவிடும். டயர் பள்ளத்துக்குள் இருக்கிற சின்ன மேடு, மேல்பரப்போடு சமமாகிவிட்டால் 1.6 மி.மீ.தான் மிச்சம், அதோடு டயரின் ஆயுள் முடிந்தது. புது டயர் வாங்கும்போது பழைய சரக்கா என்று பார்க்க, பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத் தயாரிப்பு. ஹெட்லைட்டுக்குக் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, எர்த் ஒயரைச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகும். அதிக வாட் பல்பு போட்டு ஹோல்டரை உருக்கிவிடாதீர்கள்.

இவ்வளவும் முடிந்தபின் வண்டியை நம்பி ஓட்டலாமா என்றால், ரப்பரைப் பாருங்கள் என்பேன். இந்த வண்டியில் இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் பாருங்கள், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இவ்வளவு பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இன்ஜின் அறையில் பெட்ரோல் வாடை வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

15 வருடம் முடிந்து முதல்முறை புதுப்பிக்கும் காருக்குக் கட்டணம் ஏப்ரல் 2022 முதல் 5,000 ரூபாய், தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும், பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. புதுப்பித்தால் 5 வருடத்துக்குச் செல்லும். ஆர்.சி. காலாவதியான காரை ரோட்டில் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: 15 வருடம் முடிய எட்டு மாதம் இருக்கிற பழைய கார் மலிவாக வருகிறது. கேஸ் கிட் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
*- வாசகி, நாகப்பட்டினம்*

பதில்: முதலில் ஆர்.சி.யில் கேஸ் கிட் பதிவு ஏற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் என்று மட்டும் இருந்தால் எஃப்.சி.யில் கண்டிப்பாக மாட்டும், வேண்டாம். ஏறியிருந்தாலும், புதுப்பிப்புக்கு 60 நாள் முன்புதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும், அதை விலையில் கழித்துப் பேசுங்கள். உங்கள் ஊர் கடலோரம், வண்டியும் அங்கேயே ஓடியிருந்தால் மேலே சொன்ன ஸ்க்ரூடிரைவர் சோதனை செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தரை விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, ஒயரிங் எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: டெல்லி மாதிரி இங்கேயும் 15 வருட பெட்ரோல் காருக்குத் தடை உண்டா?
*- வாசகர், ஓசூர்*

பதில்: இல்லை. அது டெல்லி வட்டாரத்துக்கு மட்டும் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவு. இங்கே சோதனையில் தேறினால் ஓட்டலாம். தேறாது என்று முடிவெடுத்து வண்டியை உடைக்கக் கொடுப்பதானால், பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடாமல் அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். ரத்து ஆகும்வரை அந்த நம்பர் உங்கள் பெயரில்தான் இருக்கும்.