ராமநாதபுரம் கடற்கரையில் இந்த ஆண்டு எந்த இசையை நேரில் கேட்கலாம்?

புதிய பாடல்களையும் நேரடிக் கச்சேரிகளையும் ராமேஸ்வரம் முதல் சாயல்குடி வரையிலான கடலோரத்தில் எப்போது, எங்கே எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இசையின் காலத்தைத் திருவிழாக்களே வகுக்கின்றன. ஆகவே அரங்க அறிவிப்புகளைவிடப் பஞ்சாங்கமும் பிறைக் கணக்குமே உங்களுக்கு உதவும்.

மாசி சிவராத்திரிக்கும் ஆடித் திருக்கல்யாணத்துக்கும் ராமேஸ்வரம் சென்றால், சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தையும் தவிலையும் மிக அருகில் நின்று கேட்கலாம். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா இஸ்லாமிய நாட்காட்டியின் துல்கஅதா மாதத்தில் வருவதால், ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக நகரும்; பயணத்தைத் திட்டமிடுவோர் இதை மறக்கக் கூடாது. மார்கழித் திருவாதிரையில், மாணிக்கவாசகர் பாடிய உத்தரகோசமங்கையில் திருவாசகத்தைக் கேட்பது தனிப்பேறு என்றே நான் கருதுகிறேன்.

புதுமையைத் தேடுவோருக்கு நான் முதலில் சொல்வது முளைப்பாரிக் கும்மிதான். பழைய மெட்டில் அந்தந்த ஊரின் மழை, கடல், பிழைப்பு பற்றிய புதிய அடிகளைப் பெண்கள் சேர்த்துப் பாடும் அந்த இரவுகளுக்கு, எந்த இசைத்தட்டும் ஈடாகாது. ஊர்த் திருவிழாக்களின் இன்னிசைக் கச்சேரிகளில் புதிய திரைப்பாடல்களும் கிடைக்கும்.

கர்நாடக இசைக்கு மட்டும் மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல நேரிடலாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருவான பூச்சி சீனிவாச ஐயங்காரையும், மிருதங்க மேதை முருகபூபதியையும், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனையும் தன் பெயரோடு சேர்த்துத் தந்த இந்தச் சீமையில் ஆண்டு முழுவதும் கச்சேரி நடக்கும் ஒரு சபா வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.