பிரிந்து கிடக்கும் குரங்குக் கூட்டங்களைப் பிடித்துக் கலந்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

அப்படிக் கூடிவிடாது. அந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு கூண்டுகூட வைக்கக் கூடாது என்பதுதான் என் பதில்.

மதுரை, திண்டுக்கல் பக்கம் அழகர்மலை, கரந்தமலை, சிறுமலை என்று தனித்தனியாகக் கிடக்கும் குரங்குகளுக்கு நோய் எதிர்ப்பு மரபணுக்களின் வகை குறைந்துபோகுமாமே, ஊருக்குள் பிடிக்கும் குரங்குகளை அந்த மலைகளில் விட்டால் ரத்தம் கலந்து நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் கூண்டு வைக்கிற பேச்சு ஓடுகிறது போலிருக்கிறது. இதே வாதத்தை என் முகத்துக்கு நேரே கேட்டவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குரங்கு ஆராய்ச்சியாளர் கிடையாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் படித்துவிட்டு, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். “குரங்குப் பாசம் பேசுறவங்க வீட்டுக்குள்ள ஒரு நாள் குரங்கு புகுந்தா தெரியும்” என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்கிறேன். அழகர்மலை அடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மாவடுவாக இருக்கும்போதே கடித்துக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள் இறங்கும். மாங்காய்க் காலம் முழுக்க அப்பா உண்டிவில்லும் கையுமாகத்தான் அலைவார். நஷ்டம் என்னவென்று தெரிந்துதான் பேசுகிறேன்.

எங்கள் ஊரில் குரங்கு பிடிக்க ஆட்களை வரவழைத்தார்கள். கம்பிக்கூண்டுக்குள் நிலக்கடலையும் வாழைப்பழமும். முதலில் மாட்டியதெல்லாம் குட்டிகளும் இளசுகளும்தான். பெரிய தாட்டான் ஒன்று புளியமரத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தது, கடைசிவரை கீழே இறங்கவில்லை. ஒரு மந்தி மட்டும் கூண்டுக்கு வெளியே நின்றுவிட்டது. குட்டி உள்ளே. அது கம்பிக்குள் விரலை விட்டுக் குட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. குட்டி பாதிக் கைதான் வெளியே நீட்ட முடிந்தது. கம்பால் தட்டி மந்தியை விரட்டிவிட்டு, கூண்டுகளைக் குட்டியானையில் ஏற்றி, நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

“எங்கண்ணே விடப் போறீங்க?” என்று கேட்டேன்.

“மலையிலதான் டீச்சர்.”

“எந்த மலையில?”

அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு மாமா முறையாகும் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் முந்திக்கொண்டார். “ஏம்மா, ஒரே ரத்தமாக் கெடந்தா நோஞ்சானாப் போகும்னு நீதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குற? அங்கிட்டுப் போயி வேற கூட்டத்தோட கலக்கட்டும். நல்லதுதானே?” எல்லோரும் சிரித்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. அன்றைக்கு யாரும் நின்று கேட்காத பதில்தான் இது.

நம் உடம்பின் செல்கள் தங்களுக்குள் உற்பத்தியாகும் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளைத்தான் எம்எச்சி (MHC) என்கிறோம், மனிதரிடம் இருப்பதற்குப் பெயர் எச்எல்ஏ (HLA). காட்டப்படும் துண்டு வைரஸுடையது என்றால் டி செல் என்ற ரத்த வெள்ளணு வந்து அந்தச் செல்லையே அழித்துவிடும். டி செல் இப்படித்தான் ஆளை அடையாளம் காண்கிறது என்று 1974இல் எலிகளை வைத்துக் காட்டிய டோஹர்ட்டி, சிங்கர்நாகல் இருவருக்கும் 1996இல் நோபல் கொடுத்தார்கள். ஒவ்வொரு வகை எம்எச்சியும் ஒவ்வொரு விதமான துண்டைத்தான் பிடிக்கும். ஒருவரிடம் பிடிபடாத கிருமி இன்னொருவரிடம் பிடிபடும். எல்லோரிடமும் ஒரே வகை இருந்தால், அதற்குத் தப்பிக்கத் தெரிந்த ஒரு கிருமி மொத்தக் கூட்டத்தையும் வாரிக்கொண்டு போய்விடலாம். ஆக, மாமா சொன்னதில் அடிப்படை சரிதான், மறுக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டு மக்களின் எச்எல்ஏ வகைகளுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இதில் பெருமைப்பட இடம் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை.

ஆனால் பிரிந்து கிடந்தாலே வகை குறைந்துவிடும் என்று முடிவு கட்ட முடியாது. மொரீஷியஸ் தீவுக்குச் சுமார் 400 வருடத்துக்கு முன்னால் கப்பல்களில் கொஞ்சம் நீள்வால் குரங்குகள் போய்ச் சேர்ந்தன. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து அடிப்படையான எம்எச்சித் தொகுதிகள், அதாவது தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே கட்டாக வரும் மரபணுக்கள், ஏழே ஏழு. பிரிந்து கிடந்ததால் அல்ல, ஆரம்பத்தில் வந்ததே கொஞ்சம் என்பதால்தான் வகையும் கொஞ்சம். அப்படியும் அவை அழிந்துபோகவில்லை. மனிதருக்கு ஏ, பி, சி என்று இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக இருக்கும் இடத்தில் இந்த இனக் குரங்குகளுக்கு ஏ-யும் பி-யும் பல நகல்களாக இருக்கின்றன. அதனால் ஒரு தொகுதிக்குள்ளேயே நிறைய வகை அடங்கியிருக்கும்.

இன்னொரு தீவு, போர்ட்டோ ரிக்கோ பக்கத்தில் கயோ சாந்தியாகோ. 1938இல் இந்தியாவிலிருந்து சுமார் 400 செம்முகக் குரங்குகளைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஒன்றையும் சேர்க்கவில்லை. அங்கே ஒரு எம்எச்சி மரபணுவில் இரண்டு வேறு வகைகளை வைத்திருக்கும் ஆண்களுக்கு, ஒரே வகையை இரட்டையாக வைத்திருப்பவற்றைவிடக் குட்டிகள் அதிகம் என்று 2001இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அடைபட்ட கூட்டத்துக்குள்ளேயே இயற்கை பன்மைக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எத்தனை வகை என்பதோடு, எந்த வகை என்பதும் முக்கியம். குரங்குகளுக்கு வரும் எச்ஐவி போன்ற வைரஸை, மாமு-பி08 என்ற எம்எச்சி வகையை வைத்திருக்கும் செம்முகக் குரங்குகளில் சில ஏறக்குறைய முழுவதுமாக அடக்கிவிடுகின்றன. மாமு-ஏ01 என்ற இன்னொரு வகை இந்திய வம்சக் குரங்குகளில் சகஜம், சீன வம்சத்தில் அரிது. ஒரே இனம்தான், பிரிந்து வாழ்ந்ததில் கையிருப்பில் உள்ள வகைகள் மாறிவிட்டன. ஒவ்வொரு கூட்டத்தின் கையிருப்புக்கும் அதனதன் வரலாறு இருக்கிறது. எதையும் பார்க்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டுவதை மரபணு மேம்பாடு என்று சொல்வது அறிவியலுக்குச் செய்கிற அவமானம்.

“அப்போ கலப்பே வேண்டாம், தூய்மைதான் வேணும்னு சொல்றீங்களா” என்று இதில் சாதியைக் கொண்டுவந்து நுழைக்க ஒருவர் வருவார். தெளிவாகச் சொல்கிறேன், கலப்பு வேண்டும். நம் நாட்டுக் குரங்கில் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். பருவம் வந்த கடுவன்களில் பல வேறு கூட்டம் தேடிப் போகும். புது வகையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவைதான். அவை தாமாக நடந்து போக வழி வேண்டும். அந்த வழி சாலையோரத்து ஆலமரமும் புளியமரமும்தான். மதுரை–நத்தம் சாலையை அகலப்படுத்தியபோது எத்தனை மரம் போனது என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களைக் கேளுங்கள். குரங்கு போகிற பாதையை வெட்டிவிட்டு, கூண்டில் பிடித்துக் கலக்கிறோம் என்பது எந்த ஊர் நியாயம்?

     

நோய்க்கு வருவோம். மனிதரிடமிருந்து காசநோய் குரங்குக்குத் தொற்றும், தொற்றினால் தாங்காது. ஊருக்குள் நம் எச்சிலையைத் தின்று வளர்ந்த குரங்கைப் பரிசோதிக்காமல் மலைக்கூட்டத்தோடு விட்டால், மரபணுவுக்கு முன்னால் கிருமிதான் போய்ச் சேரும். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகப் பரவுவது. நாட்டுக் குரங்கும் அதில் செத்து விழும், மனிதருக்கும் வரும். உண்ணியோடு குரங்கை ஏற்றுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் குரங்குகள் என்ன ஆயின என்று என் வகுப்புப் பையன் ஒருவன் மூலமாகத்தான் தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து அடிவாரம் அவன் ஊர். “எங்க ஊருக்குப் புதுக் குரங்கா வருது டீச்சர், ஆளைக் கண்டா பயப்படவே மாட்டேங்குது” என்றான். மலையில் இருந்த கூட்டம் அவற்றைச் சேர்க்கவில்லை, கலக்கவும் இல்லை. நேராகக் கீழே இறங்கி அவன் வீட்டு ஓட்டைப் பிரித்திருக்கின்றன. எங்கள் தோப்புக்கும் அடுத்த வருஷமே வேறொரு கூட்டம் வந்துவிட்டது.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச வாய்ப்பு வந்தால் இதைக் கேளுங்கள்: வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா, எந்த மலையில் எந்த இடத்தில் விடப் போகிறார்கள், அங்கே ஏற்கெனவே எத்தனை கூட்டம் இருக்கிறது, கால்நடை மருத்துவர் யார் பார்த்தார், தாயையும் குட்டியையும் பிரிக்காமல் பிடிக்கிறார்களா. கூடவே, கோயில் வாசலில் பழம் கொடுப்பதையும் ஹோட்டல் எச்சிலையைத் திறந்து போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கருத்தடை செய்து அதே இடத்தில் விடுகிற முறையை இமாசலப் பிரதேசத்தில் பல வருடமாகச் செய்கிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.