ஜூலையில் ஸ்பெயினின் வாலென்சியாவில் சைக்கிள் ஓட்ட முடியுமா, வெயில் தாங்குமா?

தாராளமாக ஓட்டலாம். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். வாலென்சியா இருப்பது ஏறக்குறைய லண்டனுக்கு நேர் தெற்கே. கடிகாரமோ பெர்லின் நேரத்தைக் காட்டும். அதனால் கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 2 மணிக்குத்தான்! இருட்ட இரவு ஒன்பதரைக்கு மேல் ஆகும். சிறு கடைகள் 2 மணிக்குச் சாத்திவிட்டு 5 மணிவாக்கில் திறப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள், அந்த நேரத்தில் ஒரு தடவை பெடல் மிதித்துப் பார்க்கட்டும்.

காலை 10 மணிக்குள் அல்லது மாலை 7 மணிக்கு மேல் கிளம்புங்கள். நகருக்குள் நல்ல பாதை துரியா பூங்காதான். 1957 அக்டோபரில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, துரியா ஆற்றை நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்டுபோன பழைய ஆற்றுப்படுகை இப்போது சுமார் 9 கிலோமீட்டர் நீளத் தோட்டம். பழைய பாலங்கள் எல்லாம் தலைக்கு மேலே. கீழே நிழலில் நீங்கள், சிக்னல் தொல்லை இல்லாமல்.

இன்னும் தெம்பு இருந்தால் தெற்கே எல் சலேர் வழியாக அல்புஃபெரா ஏரிப் பக்கம் போங்கள். இருபுறமும் பச்சை நெல்வயல். பாயெல்லா சோறு பிறந்த மண் அது. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

ஒரே எச்சரிக்கை: மேற்கிலிருந்து 'போனியெந்தே' காற்று வீசினால் அனல்தான். அன்று சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, கோரைக்கிழங்கு வகையில் செய்யும் குளிர்ந்த ஓர்ச்சாத்தா குடியுங்கள்.