பென்சிலுக்குள் ஈயம் இல்லை

கேள்வி: ‘பென்சில்’ என்ற சொல் ‘பென்’ என்பதிலிருந்து பிறந்தது என்றும், உள்ளே ஈயம் இருப்பதால் கடித்தால் நஞ்சு என்றும் மகளின் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரிதானா? இதற்குத் தமிழில் ஒரு சொல் ஏன் இல்லை?
- வாசகி ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: சொன்ன இரண்டும் பிழை. தமிழில் சொல்லும் இருக்கிறது.

‘பென்’ என்பது இறகைக் குறிக்கும் ‘பென்னா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர். நம்முடைய பேனையும் அதே இறகுதான். 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்களே, அந்தப் போர்த்துக்கேயரின் ‘பெனா’ தமிழர் வாயில் பேனாவாகவும் பேனையாகவும் ஆயிற்று.

பென்சிலுக்கு அந்த இறகோடு உறவே கிடையாது. ‘பெனிசில்லஸ்’ என்றால் இலத்தீனில் சின்ன வால். ஓவியர் தூரிகையின் மயிர்நுனி வால் போல இருந்ததால் தூரிகைக்கு அந்தப் பெயர் வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் பென்சில் என்றால் தூரிகைதான். ஜெர்மானியரின் ‘பின்சல்’, ஒல்லாந்தரின் ‘பென்சீல்’ இரண்டும் இன்றைக்கும் தூரிகையையே குறிக்கின்றன. பெனிசிலின் மருந்தும் இந்த வாலுக்குப் பிறந்த பிள்ளை: அதைத் தரும் பூஞ்சணத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நுனி தூரிகை மாதிரிப் பிரிந்து நிற்கும்.

இனி ஈயம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கே பொரோடேல் என்ற இடத்தில் மென்மையான கருங்கல் ஒன்று அகப்பட்டது. தொட்டால் கையில் ஒட்டும், கோடு கீறலாம். ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்துக் ‘கருப்பு ஈயம்’ என்றார்கள். அது காபன் என்று 1779 இல் சுவீடன் இரசாயனவியலாளர் ஷீலே காட்டினார். பத்து ஆண்டு கழித்து, எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஜெர்மானியக் கனிமவியலாளர் வேர்னர் அதற்குக் ‘கிரபைட்’ என்று பெயர் வைத்தார். ஆனால் பழைய பிழை போகவில்லை. ஆங்கிலத்தில் பென்சிலின் உள்குச்சிக்கு இன்னும் ஈயம் என்றுதான் பெயர். ஜெர்மன் மொழியில் பென்சிலே ‘ஈயக்கோல்’.

நாமும் அந்தப் பிழையைச் சுமக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கார், ஈயம் இரண்டும் சேர்ந்தது காரீயம். அகராதியில் அது ஈய உலோகம். இலங்கைப் பாடநூலிலோ, போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் கிரபைட்டுக்கு அந்தப் பெயர். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் பிள்ளைக்கு எது விளங்கும்? பென்சிற்கரி என்ற நல்ல சொல் இருக்கிறது. இந்தப் பக்கங்களில் இனி அதையே எழுதுவோம்.

வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் வீச்சுவலையின் ஈயக்குண்டு ஒன்றைப் பெரியவர் ஒருவர் எடுத்து வெள்ளைத்தாளில் அழுத்தி இழுத்துக் காட்டட்டும். மங்கலான சாம்பல் கோடு விழும். பக்கத்தில் பென்சிலால் கீறினால் கோடு கருப்பாகவும், சரித்துப் பார்க்கையில் மினுக்கமாகவும் இருக்கும். ஒரே பருமனுக்கு ஈயம் ஐந்து மடங்கு கனம். 327 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் அதை அச்சில் வார்க்க முடிகிறது. பென்சிற்கரியோ அடுப்பில் உருகவே உருகாது. தட்டார் பொன் உருக்கும் மூசையில் பென்சிற்கரியைக் களியோடு கலப்பது அதற்காகத்தான். பென்சில் குச்சியும் அதே கூட்டு: பென்சிற்கரித் தூளையும் களியையும் குழைத்து, குச்சியாக்கி, சூளையில் சுடும் முறைக்கு 1795 இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் கொந்தே. களி கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும்: அது எச் வகை. களி குறைந்தால் கோடு கறுக்கும், ஆனால் கை பட்டால் தேயும்: அது பி வகை. கட்டரில் திருகத் திருகக் கூர் முறிந்து விழுந்தால் பெரும்பாலும் பென்சில் கீழே விழுந்து குச்சி உள்ளேயே துண்டுதுண்டாகியிருக்கும், இல்லாவிட்டால் கட்டரின் அலகு மழுங்கியிருக்கும்.

ஆகவே குச்சியைக் கடித்த பிள்ளைக்கு ஈயநஞ்சு ஏறாது. பழைய பென்சில்களின் மேற்பூச்சில் ஈயம் கலந்ததுண்டு என்பதாலும், துண்டு தொண்டையில் சிக்கலாம் என்பதாலும் கடிக்க விடாதீர்கள்.

தமிழ்ச் சொல் கரிக்கோல். உள்ளே இருப்பது கரிதான் என்று சரியாகச் சொல்கிற பெயர். பேச்சில் பென்சில் என்பதில் குற்றமில்லை. அதுவும் நம் சொல்லாகிவிட்டது.

உங்கள் வீட்டில் வலை இருந்தால் கவனம் அந்தக் குண்டுகளில் இருக்கட்டும். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க வேண்டாம். குசினி அடுப்பில் ஈயம் உருக்கவே வேண்டாம்.