ஐரோப்பா இணைந்தபோதும் முறிந்தபோதும்: ரஷ்ய வணிகம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிழக்கு ஐரோப்பாவுடன் ரஷ்யா நடத்திவந்த வணிகம் சரிந்ததற்குச் சோவியத் ஒன்றியம் சிதறியதுதான் காரணமா?

பதில்: சோவியத் ஒன்றியம் கலைந்தது 1991 டிசம்பரில். வணிகமோ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நொடித்துவிட்டது. மாஸ்கோவையும் அதன் கூட்டாளி நாடுகளையும் 1949 முதல் பிணைத்திருந்த கோமெகான் கூட்டமைப்பில், கொடுக்கல் வாங்கல் ‘மாற்று ரூபிள்’ என்ற கணக்குப் பணத்தில் எழுதப்பட்டதே தவிர, டாலர் கைமாறியதில்லை. 1991 ஜனவரி முதல் உலகச் சந்தை விலையில், அந்நியச் செலாவணியில் பணம் கொடுக்க வேண்டும் என்று விதி மாறியதும், செலாவணி இல்லாத சோவியத் நிறுவனங்கள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன; பலவற்றை அடியோடு நிறுத்தின. ஹங்கேரியின் இக்காருஸ் நிறுவனம் இதற்குக் கண்கூடான சான்று. 1980-களில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளைத் தயாரித்து, அவற்றில் பெரும்பகுதியைச் சோவியத் நகரங்களுக்கு அனுப்பிவந்த அந்த நிறுவனம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பின்லாந்து கோமெகானின் உறுப்பினர் அல்ல. ஆனால் சோவியத்துடன் இதை ஒத்த ஈட்டுக்கணக்கு வைத்திருந்தபடியால், 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டை உலுக்கிய பொருளாதார மந்தத்தில் இந்த இழப்புக்கும் பங்கு இருந்தது. ஆகவே, கணக்குத் தீர்க்கும் முறை முறிந்ததையே முதல் அடியாக நான் கருதுகிறேன். எல்லைகள் மாறியது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: 2004-இல் 10 நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால் ரஷ்யாவுக்கு இழப்பா?

பதில்: சுங்கவரியை மட்டும் வைத்துப் பார்த்தால் இழப்பில்லை. போலந்து போன்ற நாடுகள் தம்முடைய உயர்ந்த வரிகளைக் கைவிட்டு ஒன்றியத்தின் பொதுச் சுங்கவரியை ஏற்றன. அதனால் அந்நாடுகளில் ரஷ்யப் பொருள்கள் மீதான சராசரி வரி சுமார் 9 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறையும் என்று ஐரோப்பிய ஆணையம் அப்போது கணக்கிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ரஷ்ய உரம், எஃகு போன்றவற்றின் மீது ஒன்றியம் ஏற்கெனவே விதித்திருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி (நியாய விலைக்குக் குறைவாக வந்து குவியும் பொருள் மீதான கூடுதல் வரி), சேர்க்கை நாளன்றே புதிய உறுப்பு நாடுகளுக்கும் தானாகப் பொருந்திவிடும். மாஸ்கோ ஒரு நீண்ட குறைப்பட்டியலை நீட்டியது. சேர்க்கைக்கு நான்கே நாள் இருக்கையில், ஏப்ரல் 27 அன்று லக்சம்பர்க்கில் ஒன்றியத்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. வரியைக் காட்டிலும் விதிகளே வணிகத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை ரஷ்ய ஏற்றுமதியாளர்கள் அந்த மாதங்களில் அனுபவத்தில் கண்டார்கள்.

கேள்வி: கலினின்கிராட் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அங்கு என்ன சிக்கல்?

பதில்: போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே பால்டிக் கடலோரம் இருக்கும் இந்த ரஷ்ய மாகாணம், அவ்விரு நாடுகளும் 2004-இல் ஒன்றியத்தில் சேர்ந்ததும், தரைவழியில் ஒன்றியத்தால் சூழப்பட்டதாகிவிட்டது. ரஷ்யாவின் ஏனைய பகுதியிலிருந்து ரயிலில் செல்லும் சரக்கு, பெலாருசைக் கடந்து லித்துவேனியா வழியாகவே போக வேண்டும். உக்ரைன் மீதான படையெடுப்புக்காக ரஷ்யா மீது ஒன்றியம் பொருளாதாரத் தடை விதித்திருந்தது. 2022 ஜூனில் எஃகு உள்ளிட்ட அந்தத் தடைப்பட்டியல் பொருள்களை லித்துவேனியா நிறுத்தியபோது, ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு இடையே செல்லும் சரக்கு வெளிநாட்டு வணிகமாகுமா என்ற கேள்வி எழுந்தது. ஜூலை 13 அன்று ஐரோப்பிய ஆணையம் விளக்கம் அளித்தது: கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி அளவுக்கு உட்பட்டு ரயிலில் அனுப்பலாம், லாரியில் அனுப்பக் கூடாது.

கேள்வி: பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது, ரஷ்யாவுக்கு ஆதாயமாக அமைந்ததா?

பதில்: பெரிதாக எதுவும் இல்லை. பிரிட்டன் ரஷ்யாவிடம் முக்கியமாக வாங்கியவை எண்ணெய், உலோகங்கள், தங்கம். இவற்றின் மீது முன்பும் வரி மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. பிரிட்டன் பொருளாதாரத் தடைகளுக்கென 2018-இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது உண்மை. ஆயினும் 2022-இல் ரஷ்யா மீது தடை விதிப்பதில் அது ஒன்றியத்தின் திசையிலேயே சென்றது.

கேள்வி: உக்ரைன் ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இரு தரப்புடனும் தடையற்ற வர்த்தகம் வைத்துக்கொள்ள முடியாமல் போனது ஏன்?

பதில்: இரண்டு தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் ஒரு நாடு ஒரே நேரத்தில் இருக்கலாம், அதற்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் ரஷ்யா முன்னெடுத்தது சுங்க ஒன்றியம். 2010-இல் பெலாருஸ், கஜகஸ்தானுடன் தொடங்கி 2015-இல் யுரேசியப் பொருளாதார ஒன்றியமாக வளர்ந்த அந்த அமைப்பில் சேரும் நாடு, தன் வெளிச் சுங்கவரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமையை இழக்கிறது. அதன் பிறகு ஐரோப்பாவுக்குத் தனியாக வரிச்சலுகை தர அதனால் இயலாது. உக்ரைன் அதில் சேராமல், முன்னாள் சோவியத் குடியரசுகளின் அமைப்பான சுதந்திர அரசுகளின் பொதுநலவாயத்தின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. ஐரோப்பியச் சரக்கு உக்ரைன் வழியாக வரியின்றி நுழைந்துவிடும் என்று மாஸ்கோ வாதிட்டது. உற்பத்தி நாட்டைச் சரிபார்க்கும் விதிகள் இருப்பதே அதைத் தடுப்பதற்காகத்தான். ஆகவே அந்த வாதம் எனக்கு வலுவானதாகப் படவில்லை. 2016 ஜனவரி 1 அன்று ஐரோப்பாவுடனான ஒப்பந்தத்தின் வணிகப் பகுதி நடைமுறைக்கு வந்தது. உக்ரைனுக்கு அளித்த சலுகையை ரஷ்யா அதே நாளில் நிறுத்தியது. அதற்கு முன்பே, 2014-இல், ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் கிழக்கு உக்ரைனின் டான்பாஸில் போர் மூண்டதும் நடந்துவிட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஐரோப்பா வாங்காவிட்டால் ஆசியாவுக்கு விற்றுவிட்டுப் போகலாமே?

பதில்: கச்சா எண்ணெயில் அதுதான் நடந்தது. 2022-க்கு முன் இந்திய இறக்குமதியில் 2 விழுக்காட்டை ஒட்டியிருந்த ரஷ்ய எண்ணெயின் பங்கு, 2023-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றித் திசையை மாற்றிவிடலாம், விலையைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. குழாய்வழி எரிவாயுவுக்கு அந்த வசதி இல்லை. சீனாவுக்கு 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘சைபீரியாவின் ஆற்றல்’ குழாய், கிழக்கு சைபீரியாவின் சயாண்டா, கொவிக்தா வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர் கொண்டுசெல்லும் திறன் உடையது. ஐரோப்பாவுக்கு வாயு தந்துவந்த மேற்கு சைபீரிய வயல்களுடன் அதற்கு இணைப்பு இல்லாததால், அங்கே தேங்கும் வாயுவை இக்குழாய்க்குத் திருப்ப முடியாது. ஒன்றியத்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான சரக்கு வணிகம் 2021-இல் சுமார் 25,800 கோடி யூரோவாக இருந்து, 2024-இல் சுமார் 6,800 கோடி யூரோவாகச் சுருங்கியது. உக்ரைன் வழியாக வந்த வாயு 2025 ஜனவரி 1 அன்று நின்ற பின், ஐரோப்பாவுக்குக் குழாயில் போகும் ரஷ்ய வாயுவுக்குக் கருங்கடலின் அடியில் துருக்கிக்குச் செல்லும் ஒரு வழிதான் எஞ்சியது. ரஷ்ய எரிவாயு இறக்குமதியையே 2027-க்குள் நிறுத்திவிட ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது.